அறுபத்தாறு பாகையில் நின்ற கிடாரம்

சூடு ஆறாமல் நின்ற அந்தப் பதினாறு நாட்களைப் பற்றி மீன்துறையில் இன்றைக்கும் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள், ஆனால் எல்லாரும் ஒரே இடத்தில்தான் தொடங்குவார்கள்: தவநேசனுக்கு ஒரு கிடாரத்தை ஒழுங்காக மூடிக் கட்டத் தெரியாமல் இருந்தவரைக்கும் ஊருக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

மீன்துறை என்பது அந்த ஊரின் பெயர் அல்ல. நோர்வேயின் வடக்கு விளிம்பில், பாறைக்கும் கடலுக்கும் இடையில் கிடைத்த கொஞ்ச இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்த அந்த ஊருக்கு நோர்வேக்காரர் வைத்த பெயரை வாயில் போட்டால் பல் உடைந்துவிடும் என்பதால், மீன் பக்டரிக்கு வேலைக்கு வந்த ஏழு யாழ்ப்பாணத்துக் குடும்பங்களும் வந்த முதற்கிழமையே அதைக் கைவிட்டு மீன்துறை என்று கூப்பிடத் தொடங்கின, காலப்போக்கில் தபால்காரரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார். அங்கே மாரியில் இரண்டு மாதம் சூரியன் வராது, வந்த பிறகும் சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். இந்தக் கதை நடந்தது சூரியன் திரும்பி வந்து மூன்று கிழமை ஆன பிறகு, பகலில் நல்ல வெளிச்சமும் அந்த வெளிச்சத்தில் பளபளக்கும் பன்னிரண்டு பாகை உறைகுளிருமாக இருந்த காலத்தில்.

தவநேசன் பக்டரியில் கோட் மீனை இரண்டாகப் பிளந்து முள் எடுக்கிறவன். கைவேலையில் குறை சொல்ல முடியாதவன், ஆனால் எதற்கும் பயப்படுகிறவன். நல்லது நடந்தால் கூடுதலாகப் பயப்படுகிறவன். அவனுக்கு வீட்டிலேயே பியர் வடிக்கும் ஆசை எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது. அந்த ஊரில் அது தப்பான காரியமும் இல்லை, பாதி நோர்வேக்காரர் தங்கள் கொட்டிலுக்குள் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். முளைகட்டிக் காயவைத்த பார்லியை நொறுக்கி, சுடுதண்ணீரில் கரைத்து, அந்தக் கூழைக் கிடாரம் எனும் பெரிய பாத்திரத்தில் ஊற்றி ஒரு மணித்தியாலம் அறுபத்தாறு பாகைச் சூட்டில் வைத்திருக்க வேண்டும். அப்போதுதான் தானியத்துக்குள் இருக்கும் இனிப்பு வெளியே வரும், அந்த இனிப்பைத்தான் பிறகு ஈஸ்ற் தின்று பியர் ஆக்கும். சூடு இறங்கினால் இனிப்பு வராது, கஞ்சிதான் மிஞ்சும். தவநேசனின் கொட்டிலில் பலகைக்குப் பலகை காற்று நுழைந்துகொண்டிருந்தபடியால் அரை மணித்தியாலத்தில் அறுபத்தாறு ஐம்பத்தெட்டாகிவிடும். முதல் தடவை வடித்ததைப் பக்கத்து வீட்டுக் கனகலிங்கம் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, வாயைத் துடைத்து, "தவம், இது பியர் இல்லையடாப்பா, ஆடிக்கூழ். கொஞ்சம் பனங்கட்டி போட்டியெண்டால் பிள்ளையளுக்கும் குடுக்கலாம்" என்றார். அன்றிலிருந்து ஊரில் அவனுக்கு ஆடிக்கூழ்த் தவம் என்று பெயர்.

பட்டப்பெயர் ஒரு மனிதனை என்ன பாடுபடுத்தும் என்று பட்டவனுக்குத்தான் தெரியும். மூன்றாவது தடவை அவன் ஒரு முடிவோடு இறங்கினான். கிடாரத்தைச் சுற்றி முதலில் வெள்ளித்தாள், அதன் மேல் கூடாரக்காரர் நிலத்தில் விரிக்கும் நுரைப்பாயை அளந்து வெட்டி ஒரு சுற்று, அதன் மேல் தன் பழைய குளிர்ச்சட்டை என்று கட்டிப் பார்த்தான். வெறும் வெந்நீர் ஊற்றிச் சோதித்தபோது மூடியின் நடுவே குத்தி வைத்த வெப்பமானியின் முள் அப்போதும் மெதுவாகக் கீழே வந்தது. அப்போதுதான் அவனுக்கு முகாம் கம்பளிகளின் ஞாபகம் வந்தது.

ஏழு குடும்பங்களும் நோர்வேயில் வந்திறங்கியது ஒரு தை மாதத்தில், பருத்திச் சட்டையோடும் ரப்பர்ச் செருப்போடும். அகதி முகாமின் வாசலில் குடும்பத்துக்கொரு சாம்பல் நிறக் கம்பளியைக் கையில் கொடுத்தார்கள். முதல் மாரி முழுக்க அந்தக் கம்பளிக்குள்தான் இருந்தார்கள், அதற்குள் இருந்துகொண்டுதான் ஊரிலிருந்து வந்த செய்திகளைக் கேட்டார்கள், அழ வேண்டியதையெல்லாம் அதற்குள்தான் அழுதார்கள். பிறகு வேலை கிடைத்தது, வீடு கிடைத்தது, வாத்து இறகு அடைத்த போர்வைகள் கிடைத்தன. கம்பளியை மீண்டும் ஒருவரும் போர்க்கவில்லை, ஒருவரும் எறியவும் இல்லை. ஏழு வீட்டிலும் அது அலுமாரியின் மேல்தட்டில் மடித்தபடி கிடந்தது. தவநேசன் வீடு வீடாகப் போய்க் கேட்டான், கூழ் முடிந்ததும் தருகிறேன் என்றான், சிரித்துக்கொண்டே எல்லாரும் கொடுத்தார்கள். ஒன்றன் மேல் ஒன்றாக ஏழையும் சுற்றி, ஓர் இழை காற்றுப் போகிற இடைவெளிகூட விடாமல், வலை கட்டுகிற கயிற்றால் இறுக்கி இறுக்கிக் கட்டினான்.

முள் அறுபத்தாறில் நின்றது. ஒரு மணித்தியாலம் கழித்தும் அறுபத்தாறில் நின்றது. அப்போதே மூடியைத் திறந்து கூழை வடித்திருந்தால் கதை முடிந்திருக்கும், ஆனால் அசையாத அந்த முள்ளை யாருக்காவது காட்டாமல் திறக்க அவனுக்கு மனம் வரவில்லை. கனகலிங்கத்தைக் கூட்டி வந்து காட்டினான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்து, "என்னடா, செத்த முள்ளோ" என்றார். முள் சாகவில்லை என்று காட்டத் தவநேசன் வேறு இரண்டு வெப்பமானிகளை மாற்றி மாற்றிக் குத்தினான், மூன்றும் ஒரே சொல்லாகச் சொல்லின. பின்னேரம் ஏழு வீட்டு ஆட்களும் வந்து பார்த்தார்கள், ஞாயிறு காலை நோர்வேக்காரர் வந்து பார்த்தார்கள், கூழ் அறுபத்தாறு பாகையில் நின்றது, பியரைப் பற்றி ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. எல்லாரும் போன பிறகு தவநேசன் கம்பளியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். வெளிப்பக்கம் சுற்றிவரப் பனி பூத்திருந்தது, துளிச் சூடும் வெளியே வரவில்லை. கொட்டில் விளக்கை அணைக்காமலே வீட்டுக்குப் போனான்.

திங்கட்கிழமை அவன் மனைவி வதனி காலையில் ஊற்றிய தேநீரைக் குடிக்க மறந்து வேலைக்குப் போய்விட்டு, மத்தியானம் வந்து கோப்பையைத் தொட்டு விரலைச் சுட்டுக்கொண்டாள். அன்றைக்கே துறைமுகத்துக் கிழவர்களின் கோப்பி ஆறாமல் நின்றது, வெதுப்பகத்தில் சுட்டு அடுக்கிய பாண்ரொட்டி ஆறாமல் நின்றது, ஞாயிறு இரவு குளித்தவர்களின் குளிநீர் தொட்டிக்குள் ஆவி பறக்க நின்றது. பனி பனியாகத்தான் இருந்தது, ஐசில் போட்ட மீன் ஐசாகத்தான் இருந்தது, குளிர்ந்த பொருட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சூடேறிய பொருட்கள் மட்டும் தாங்கள் ஏறிய இடத்திலிருந்து இறங்க மறுத்தன. சூட்டை மற்றவற்றுக்குக் கொடுத்தன, கொடுத்தும் குறையவில்லை. கொதித்த தேநீரில் குளிர்ந்த பாலை ஊற்றினால் பாலும் கொதித்தது.

மீன்துறை இதற்கு ஒரு கிழமையில் பழகிவிட்டது, மனிதர்கள் பழகாதது என்று எதுவும் இல்லை. தேநீரைக் கொதிக்க விடாமல், வாய் தாங்கும் சூட்டில் அடுப்பை நிறுத்தப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். ஞாயிறு சமைத்த சோறு வியாழன் வரைக்கும் ஆவியோடு இருந்தது, பக்டரிக்குக் கொண்டு போகிற சாப்பாட்டைச் சூடாக்க இனி வரிசையில் நிற்கத் தேவையில்லை என்று தமிழ்ப் பெண்களும் நோர்வேப் பெண்களும் ஒன்றாக மகிழ்ந்தார்கள். நகரசபை இரண்டு மொழியில் அறிவித்தல் ஒட்டியது. தமிழில் எழுதிக் கொடுத்தவள் வதனிதான், 'சூடான பொருட்களை ஊதிப் பயனில்லை, பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்' என்று. தேவாலயத்துப் பாதிரியார் அளவு அறிந்து சூடாக்குவதைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தார். பக்டரியில் சம்பந்திகள் இருவருக்கு ஐஸ் அள்ளும் தட்டுக்காக வந்த கோபம் ஐந்து நாளாகியும் தணியவில்லை, அவர்களை வெவ்வேறு நேர முறையில் வேலைக்குப் போட்டுப் பிரச்சினையைத் தீர்த்தார்கள். இதற்கெல்லாம் கிடாரம்தான் காரணம் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் தவநேசனின் கொட்டில் வாசலில் நோர்வேக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்கள், ஒரு நாள் காலை பார்த்தபோது யாரோ கம்பளியின் மேல் மூன்று குறியாகத் திருநீறு பூசிவிட்டுப் போயிருந்தார்கள். ஆடிக்கூழ் என்ற சொல்லை எல்லாரும் மறந்துபோனார்கள். அவன் தெருவால் நடந்தால் வணக்கம் சொன்னார்கள், ஒவ்வொரு வணக்கத்துக்கும் அவனுக்குப் பயம் ஒரு பிடி கூடியது.

"அவிழ்த்துப் போடுவமோ வதனி" என்று அவன் ஒருநாள் கேட்டான்.

"ஏன், நல்லாத்தானே கிடக்கு" என்றாள் வதனி. "சனம் ஏசும்."

அந்தத் திங்களிலிருந்து எண்ணி ஒன்பதாம் நாள் அவர்களின் ஆறு வயது மகள் மிதுஷா பள்ளிக்கூடத்திலிருந்து காய்ச்சலோடு வந்தாள்.

மாரியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வருகிற காய்ச்சல்தான், வந்து மூன்று நாளில் மூக்கைச் சிந்திவிட்டுப் போகிற காய்ச்சல். வெப்பமானி முப்பத்தொன்பது தசம் நான்கு பாகை என்று காட்டியது. மருந்து கொடுத்தார்கள், முப்பத்தொன்பது தசம் நான்கு. ஈரத்துணி போட்டார்கள், துணி சுட்டது, நெற்றி ஆறவில்லை. வதனி கையில் துணியை வைத்துக்கொண்டு தவநேசனை நிமிர்ந்து பார்த்தாள். இருவரும் ஒரே நேரத்தில் அந்தக் கோப்பையை நினைத்தார்கள், குடிக்காமல் விட்ட தேநீர் சுட்ட அந்தக் கோப்பையை, இருவரும் அதைச் சொல்லவில்லை. மறுநாள் இரண்டு சுரங்கப்பாதை தாண்டிப் பட்டினத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அங்கேயும் அதே முப்பத்தொன்பது தசம் நான்கு. இரத்தத்தில் தேடினார்கள், சிறுநீரில் தேடினார்கள், ஒன்றும் இல்லை. கிருமி எப்போதோ போய்விட்டது, காய்ச்சல் மட்டும் நிற்கிறது என்று சொல்ல அவர்களின் புத்தகத்தில் இடம் இல்லாதபடியால், பிள்ளைக்கு நோய் இல்லை என்று எழுதித் தந்து அனுப்பிவிட்டார்கள்.

திரும்பி வரும் வழியில் வதனி காரின் பின் இருக்கையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "இஞ்சருங்கோ, போனதும் முதல் வேலையா உந்தக் கிடாரத்தை அவிழுங்கோ. இந்த ஊர் பச்சைத்தண்ணி குடிச்சுக் கிடக்கட்டும்" என்றாள். அவன் தலையை ஆட்டினான்.

வியாழன் காலை, அது பதினோராம் நாள், அவன் கொட்டிலுக்குள் போய்க் கயிற்றின் முதல் முடிச்சில் கை வைத்தான். அந்த நேரம் வெளியே மலரக்காவின் குரல் கேட்டது. மலரக்கா என்றது கனகலிங்கத்தின் மனைவி இராசமலரை. பிள்ளை குட்டி இல்லாத அவர்கள் இருவரும் இருபத்தாறு வருடம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே காலத்தைக் கழித்தவர்கள். கனகலிங்கம் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தவர், மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு, களைப்பாக இருக்கிறது என்று படியில் இருந்திருக்கிறார், அப்படியே சரிந்துவிட்டார். தவநேசன் ஓடிப்போய் நெஞ்சை அமத்தினான், ஊர் டொக்டர் இங்வில்ட் வந்து அமத்தினாள், முக்கால் மணித்தியாலம் பாடுபட்டார்கள். நாடி இல்லை, மூச்சு இல்லை. இங்வில்ட் மணிக்கூட்டைப் பார்த்துத் தாளில் நேரத்தை எழுதினாள். பிறகு ஆறுதலாக அவரின் கழுத்தைத் தொட்டவள் கையை எடுக்காமல் நின்றாள், எழுதியதைக் குறுக்கே வெட்டினாள், மத்தியானம் வருகிறேன் என்று போனாள். மத்தியானம் வந்து எழுதி வெட்டினாள், பின்னேரம் வந்து எழுதி வெட்டினாள். கனகலிங்கம் கட்டிலில் நித்திரை கொள்கிறவர் மாதிரி, முகத்தில் இரத்தம் இருக்க, முப்பத்தேழு பாகையில் கிடந்தார்.

தவநேசன் மறுபடி கொட்டிலுக்குப் போனபோது, கிடாரத்தில் முதுகைச் சாய்த்து, கவிழ்த்து வைத்த மீன்பெட்டியின் மேல் மலரக்கா இருந்தார். கண் வீங்கியிருந்தது, ஆனால் அழவில்லை.

"தவம், உந்தக் கயித்தை அவிழ்க்கப்படாது" என்றார்.

"அக்கா, பிள்ளைக்கு..."

"எனக்குத் தெரியும். நாளைக்கு இறங்கும். காய்ச்சல்தானே. அவருக்குச் சூடு இருக்கு தம்பி. நான் தொட்டுப் பாத்தனான். சூடு இருக்கிற மனிசனை என்னெண்டு போனதெண்டு சொல்லுறது."

அவன் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தான். நாளைக்கு இறங்காது என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

அடுத்த ஐந்து நாட்களும் மீன்துறையின் தமிழர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் அல்ல. செத்தவீடு என்றால் பிரேதம் எடுக்கும் வரைக்கும் சுற்றி இருக்கிற வீடுகளில் அடுப்பு மூட்டக் கூடாது. ஆனால் இது செத்தவீடுதானா என்று தெரியவில்லை, மூட்டவும் தேவையில்லாமல் எல்லா வீட்டிலும் பானை தானாகவே கொதித்துக்கொண்டிருந்தது, கொதிக்கிற பானை மூட்டிய அடுப்புக்குச் சமமா என்று பெண்கள் தொலைபேசியில் மணிக்கணக்காகக் கதைத்தார்கள். ஒப்பாரி வைக்க வந்தவர்கள் கட்டிலில் கிடந்தவரின் சிவந்த கன்னத்தைப் பார்த்து வாயைத் திறந்து மூடினார்கள். துடக்கு என்ற சாவுத்தீட்டு எந்த நாளிலிருந்து தொடங்குகிறது, முப்பத்தோராம் நாள் சடங்கு எப்போது என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. ஒஸ்லோவில் இருந்த ஐயருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டார்கள். அவர் "சூடு ஆறட்டும், பிறகு எடுங்கோ" என்று சொல்லிவிட்டு வைத்தார். பாதிரியார் மணியை அடிக்கட்டுமா என்று கேட்டு ஆளனுப்பினார், பொறுக்கச் சொன்னார்கள். ஊர் மெல்ல மெல்ல இதற்கும் பழகியது. மலரக்காவுக்குக் கொட்டிலுக்கே சாப்பாடு கொண்டு போனார்கள், முறை வைத்துக் கனகலிங்கத்தின் பக்கத்தில் இருந்தார்கள், வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்து, "அண்ணை எப்பிடி" என்று கேட்டார்கள், "அப்பிடியேதான்" என்று பதில் வந்தது.

மிதுஷாவும் அப்படியேதான் இருந்தாள். ஆனால் சோற்றுக்கு அப்படியே இருக்கலாம், பிள்ளைக்கு ஏலாது. உதடு வெடித்தது. கண் குழிக்குள் போயிற்று. பனி வேண்டும் என்று கேட்டாள், வாயில் வைத்த பனி நாக்கில் படமுன்னமே தண்ணீராகியது. கையைப் பிடித்தால் எலும்பு அகப்பட்டது. தவநேசன் வேலைக்குப் போகாமல் அவளின் கட்டிலுக்கு அருகில் இருந்து, கால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை வெப்பமானியை வைத்து, முப்பத்தொன்பது தசம் நான்கு என்று வாசித்துக்கொண்டிருந்தான். இரண்டு கிழமைக்கு முதல் எந்த முள் அசையாமல் நின்றதற்காக ஊரைக் கூட்டிக் காட்டினானோ, அதே அசையாமையை இப்போது தனியே இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். பயம் அவனுக்குப் புதிது இல்லை. குண்டுக்குப் பயந்திருக்கிறான், கடலுக்குப் பயந்திருக்கிறான், ஆனால் அவை எல்லாம் வெளியே இருந்து வந்தவை. இது அவன் தன் கையால் கட்டியது.

பதினாறாம் நாள் காலை பிள்ளைக்கு வலிப்பு வந்தது. கண் மேலே செருகி, பல் கிட்டி, சின்ன உடம்பு கட்டிலை உதைத்தது. அடங்கிய பிறகு வதனி எழுந்து சப்பாத்தைக் காலில் கொழுவினாள்.

"நீங்கள் அவிழ்க்காட்டி நான் போறன். அந்த மனிசி என்னை அடிச்சாலும் பரவாயில்லை."

"நான் போறன்" என்றான் அவன்.

முடிச்சுகள் பனியில் இறுகியிருக்கும் என்று மீன் பிளக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு போனான். கொட்டில் வாசலில் தமிழ் ஆட்கள் நாலைந்து பேர் நின்றார்கள், கூட இரண்டு நோர்வேக்காரர். ஒருவரும் அவனைத் தடுக்கவில்லை, ஆனால் ஒருவரும் விலகவும் இல்லை. "இன்னும் ஒரு நாள் பொறு தவம்" என்றார் ஒருவர். "அந்த மனிசியைப் பார்" என்றார் இன்னொருவர். எல்லாரும் இரக்கத்தோடுதான் சொன்னார்கள், ஒருவரின் குரலிலும் பொல்லாப்பு இல்லை, சிலருக்கு ஆவி பறக்கும் சோறும் ஞாபகத்தில் இருந்திருக்கலாம். அவன் தோளால் இடித்துக்கொண்டு உள்ளே போனான். மீன்பெட்டியின் மேல் இருந்த மலரக்கா அவன் முகத்தைப் பார்க்கவில்லை, அவன் கையைப் பார்த்தார். அப்போதுதான் அவனும் தன் கையைப் பார்த்தான். கத்தி முடிச்சுக்கு நேரே இருக்கவில்லை, மலரக்காவுக்கு நேரே இருந்தது. கத்தியை நிலத்தில் போட்டுவிட்டு வெளியே ஓடினான். போய்விட்டான் என்று நினைத்து ஆட்கள் பெருமூச்சு விட்டார்கள்.

அவன் வீட்டுக்குப் போய் மிதுஷாவைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு திரும்பி வந்தான். பிள்ளையை மலரக்காவின் மடியில் வைத்தான்.

மலரக்காவுக்கு இருபத்தாறு வருடத்தில் பிள்ளை தூக்கிப் பழக்கம் குறைவு. எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறி, பிறகு தலையைக் கையில் தாங்கி, மற்றக் கையை அவளின் கழுத்தடியில் வைத்தார். வைத்த கையை எடுத்தார், மறுபடி வைத்தார்.

"இப்பிடியோ சுடுது" என்றார்.

"ஏழு நாளக்கா."

"ஒருத்தரும் எனக்கு இப்பிடியெண்டு சொல்லேல்லையே."

எல்லாரும் சொல்லியிருந்தார்கள். அவர் கேட்கவில்லை என்பதும் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. பிள்ளையின் நெற்றியில் ஒட்டிய மயிரை விலக்கிவிட்டார். வாசலில் நின்றவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். "அவரின்ர கை உப்பிடிச் சுடேல்லை" என்று கடைசியில் மெதுவாகச் சொன்னார். "சும்மா இளஞ்சூடு. கையைப் பிடிச்சால் திருப்பிப் பிடிக்கிறாரில்லை. அஞ்சு நாளாப் பிடிச்சுப் பிடிச்சுப் பாத்திட்டன்." பிள்ளையை அவன் கையில் திருப்பிக் கொடுத்தார். "கொண்டு போய்ப் படுக்க வை. பிறகு வந்து அவிழ். ஆனால் எனக்கு அஞ்சு நிமிசம் தா. நான் அவருக்குப் பக்கத்திலை போய் இருக்கவேணும்."

அவன் ஐந்து நிமிடம் கொடுத்தான், பத்து நிமிடம் கொடுத்தான். பிறகு வெறுங்கையால், நகம் கிழிய, முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தான். முதல் கம்பளியை உரித்தபோது ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவதை உரித்தபோது கொட்டிலின் பலகைகள் சடசடவென்றன. ஏழாவது கம்பளி விழ, நுரைப்பாய் விழ, வெள்ளித்தாளைக் கிழித்து எறிந்து மூடியைத் தூக்கினான், அத்தனை நாளும் கட்டுண்டிருந்த ஆவி ஒரே மூச்சாக எழுந்து கூரையில் முட்டி, வாசலில் நின்றவர்களின் முகத்தில் அடித்துக்கொண்டு வெளியே போயிற்று. பார்லிக் கூழ் வாசம் தெரு முழுக்கப் பரவியது. முள் அறுபத்தைந்துக்கு வந்தது. அறுபத்துநான்குக்கு வந்தது. அவன் அதற்கு மேல் நிற்கவில்லை, வீட்டுக்கு ஓடினான்.

மிதுஷாவின் நெற்றியில் வியர்வை துளித்திருந்தது. முப்பத்தொன்பது தசம் ஒன்று. வதனி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். முப்பத்தெட்டு. அவனும் அழுதான். முப்பத்தேழு தசம் இரண்டு, முப்பத்தாறு தசம் எட்டு, முப்பத்தாறு தசம் ஐந்து என்று அது இறங்கிக்கொண்டே இருந்தபோது அவனுக்கு அழுகை நின்று பழைய பயம் திரும்ப வந்தது, இனி இது நிற்காமல் இறங்கினால் என்ன செய்வது என்று பிள்ளையைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். முப்பத்தாறு தசம் ஐந்தில் நின்றது. மிதுஷா கண்ணைத் திறந்து, பசிக்குது அம்மா என்றாள்.

ஊர் முழுக்கக் கோப்பைகள் ஆறின. துறைமுகத்தில், வெதுப்பகத்தில், ஏழு வீட்டுக் குசினிகளில் எல்லாம் ஆவி அடங்கியது. பெண்கள் வாசலுக்கு வந்து, சால்வையைப் போர்த்துக்கொண்டு, மலரக்காவின் வீட்டைப் பார்த்தபடி நின்றார்கள். இனி அழுகைச் சத்தம் கேட்கும், கேட்டதும் போக வேண்டும் என்று காத்து நின்றார்கள். சத்தம் கேட்கவில்லை. கால் மணித்தியாலம் போயிற்று, அரை மணித்தியாலம் போயிற்று. ஒருவருக்கும் முதலில் போகத் துணிவு வரவில்லை.

"நீங்கள்தான் போகவேணும்" என்றாள் வதனி.

கதவு திறந்துதான் கிடந்தது. தவநேசன் உள்ளே போனான். வீட்டில் இருந்த போர்வை, விரிப்பு, குளிர்ச்சட்டை, மேசைச் சீலை எல்லாவற்றையும் மலரக்கா கட்டிலில் கொண்டு வந்து குவித்திருந்தார். கனகலிங்கத்தை நெஞ்சு வரைக்கும் சுற்றிவிட்டு, இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டிவிட்டு, கால்மாட்டில் முழங்காலில் நின்று பாதம் இரண்டையும் உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். கயிறு தளர்ந்து கிடந்தது. அவன் வந்ததைப் பார்த்து நகர்ந்து இடம் விட்டார்.

"நான் கட்டினால் நிக்குதில்லை தம்பி, எல்லாம் போகுது" என்றார். "நீ என்னெண்டு கட்டினனீ. எனக்கும் ஒருக்காக் காட்டு."

அவனுக்குத் தெரியும். எந்தச் சுற்று எந்தப் பக்கம், எங்கே மடிக்க வேண்டும், எங்கே இறுக்க வேண்டும் என்று கைக்குத் தெரியும், கேட்டதும் விரல்கள் தாமாகவே விரிந்தன. தெரு முழுக்க ஆட்கள் நிற்க, பக்கத்து வீட்டில் அவன் பிள்ளை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"மறந்துபோச்சக்கா" என்றான்.

மலரக்கா அவனின் விரிந்த விரல்களைப் பார்த்தார்.

"அப்ப காலை மட்டும் எண்டாலும் சுத்திவிடு. அவருக்குக் கால்தான் முதல்லை குளிருறது."

அவன் முழங்காலில் இருந்து, விரிப்பை எடுத்து, கனகலிங்கத்தின் பாதங்களைச் சுற்றத் தொடங்கினான். மலரக்கா பக்கத்திலேயே இருந்து ஒவ்வொரு மடிப்பையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கப் பார்க்கவே, வெளிப்பக்கத்து ஓரத்தில் காற்றுப் போவதற்கு இரண்டு விரல் இடைவெளி விட்டு, அவன் முடிச்சைப் போட்டான்.